பாதியில் எழாதவள்

அறையில் இரண்டு கட்டில்கள். ஜன்னலோரக் கட்டில் அவளுடையது, கதவோரக் கட்டில் என்னுடையது. பீளமேட்டில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான அந்த விடுதியில் நான் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தேன். அதில் பத்தொன்பது மாதம் அவளோடு. அவள் பெயரை எழுத எனக்கு மனமில்லை. விடுதியில் எல்லோருக்கும் அவள் அக்காதான், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்ததும் மரியாதைக்கு 'அவர்' என்று போட்டுப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடப் பிரிவில் சேர்ந்திருந்தேன். அவளுக்கு ஐம்பதை நெருங்கியிருக்கும். ஒரு மில்லில் நூல் சோதிக்கும் கூடத்தில் வேலை. இருபது வருடம் சிமெண்ட் தரையில் நின்றதில் இடுப்பு போய்விட்டது என்பாள். டாக்டர்கள் கைவிட்ட இடுப்பைத் தன் மூச்சால் தானே நிமிர்த்திக்கொண்டதாக அவளுக்கு ஒரு பெருமை உண்டு. உண்மையும் அதுதான். நான் பார்த்தவரை அவள் முதுகு கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும்.

முதல் நாள் காலையில் என்னை எழுப்பியது அவள் எண்ணும் சத்தம். மூக்கால் இழுத்து, வாயால் விட்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு எண். இரும்புக் கட்டில் அதற்குத் தாளம் போட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் ட்யூப்லைட் எரிகிறது, பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்மணி மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிப் பிடித்திருக்கிறாள். மணி ஐந்து இருபது.

நாற்பத்தைந்து நிமிடம் நடக்கும். முதலில் சும்மா மூச்சு. பிறகு ஒற்றைக் கால், அடுத்த கால், இரண்டு காலும் சேர்த்து. முழங்கால்களை மடித்து இந்தப் பக்கம் சாய்ப்பது, அந்தப் பக்கம் சாய்ப்பது. இடுப்பை மட்டும் நாலு விரற்கடை தூக்கி நிறுத்துவது; அதற்கு அவள் வைத்திருந்த பெயர் பாலம். பிறகு பாதத்தில் துண்டைக் கோத்துக் காலை மேலே நீட்டுவது. ஆசனங்களின் வடமொழிப் பெயர் எதுவும் அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ஒவ்வொன்றிலும் பத்து மூச்சு. கடைசியில் வலது பக்கம் ஒருக்களித்துக் கண்ணை மூடிக் கிடப்பாள். ஆறு மணி அடிக்கும்போது கையை ஊன்றி எழுந்து உட்கார்வாள். ஒரு நாளும் ஐந்து ஐம்பத்தெட்டுக்கு எழுந்து நான் பார்க்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்துவிட்டு, மொட்டை மாடியில் பாய் விரித்துச் செய்யலாமில்லீங்க்கா என்று பணிவாகத்தான் கேட்டேன். தரையில் உட்கார்ந்து எழ முடியாததால்தான் கட்டிலில் செய்கிறாள் என்று விளக்கினாள். விளக்கையாவது அணைக்கலாமே என்றேன். இருட்டில் செய்தால் தூங்கிவிடுவாளாம். அவளிடம் என்ன கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலில் பிழை இருக்காது. அவள் மேல் எனக்கு வந்த முதல் வெறுப்பே அதனால்தான்.

சிறுவாணித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் வரும், அரை மணி நேரம்தான் ஓடும். விடுதியே குடத்தோடு ஓடும். ஐந்தேகாலுக்கு மேல் வந்தால் அவள் அசைய மாட்டாள். அதற்கு முன்பே வந்த நாளில் இரண்டு குடம் அதிகமாகப் பிடித்து, மூடி போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பாள். ஒரு நாள் காய்ச்சலில் என்னால் தண்ணீருக்குப் போக முடியவில்லை. மாத்திரை போட ஒரு டம்ளர் கேட்டேன். கொடுத்தாள். கொடுத்துவிட்டு, காய்ச்சல் வரும்போல இருந்தால் முதல் நாளே பிடித்து வைத்திருக்க வேண்டும் என்றாள். மாத்திரையை விழுங்கிவிட்டு மீதித் தண்ணீரை டம்ளரோடு திருப்பி நீட்டினேன்.

எதிர் அறையில் கரூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை பிரித்துக் காட்டுகிற வேலை. ஒரு நாள் விடியற்காலையில் வராந்தாவில் தொப்பென்று ஒரு சத்தம். வெளியே ஓடிப் பார்த்தால் அந்தப் பெண் தண்ணீர்க் குடத்தோடு மயங்கிக் கிடக்கிறாள். நாலைந்து பேர் தூக்கி உட்கார வைத்தோம். நடுவில் நான் அறைக்குள் தலையை நீட்டி, அக்கா, வாங்க என்று கூப்பிட்டேன். துண்டைப் பாதத்தில் கோத்து, காலை உயர்த்தியிருந்தாள். என்னைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது: ஆறு, ஏழு. ஆறு மணிக்கு மேல் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரோடு வந்து சேர்ந்தாள். அதற்குள் அந்தப் பெண் எழுந்து பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

ஏனுங்க அக்கா, ஒரு எட்டு வந்து பார்த்திருக்கலாமே என்று அன்று சாயங்காலம் கேட்டேன்.

"அஞ்சு பேரு இருந்தீங்கல்ல கண்ணு. ஆறாவதா நானும் வந்து என்ன பண்றது?"



இதையும் சொல்லத்தான் வேண்டும். அதே துணிக்கடைப் பெண்ணுக்கு இரண்டு மாதம் கழித்து இடுப்பு பிடித்துக்கொண்டது. அழுதுகொண்டே எங்கள் அறைக்கு வந்தாள். அக்கா அவளைத் தன் கட்டிலில் படுக்க வைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, முழங்கால்களைத் தன் கையால் தாங்கி மெல்ல மெல்ல மடித்தாள். "வலிக்குதுன்னா அங்கயே நிறுத்து. மூச்சை விடு. இடுப்புக்குக் கேக்கட்டும்" என்று அவள் சொன்ன குரல், அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்காத குரல். மூன்று வாரம் தினமும் வேலை முடிந்து வந்து சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெண் குணமாகி, அக்கா காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நீ விழுந்து கிடந்த அன்றைக்கு அக்கா எழுந்தே வரவில்லை தெரியுமா என்று அவளிடம் நான் தனியாகச் சொன்னேன். அதனாலென்னக்கா என்றாள். எனக்கு அந்தப் பெண்ணின் மேலும் கோபம் வந்தது.

போன் விஷயம் அதற்குப் பிறகுதான். நான் ஆறு மணிக்கு அலாரம் வைப்பேன். அடிக்கும், நிறுத்துவேன், பத்து நிமிடம் கழித்து மறுபடி அடிக்கும். இப்படி நாலு முறையாவது நடக்கும். ஒரு நாள் கண் விழித்தபோது ஏழரை ஆகியிருந்தது. கம்பெனி பஸ் போய்விட்டது. அன்றைக்கென்று வெளியூரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மேனேஜர் எல்லோர் முன்னாலும் வைத்து என்னைத் திட்டினார். சாயங்காலம் அவளிடம் கேட்டேன். திரும்பத் திரும்ப அடித்தும் நான் எழாததால், பாவம் தூங்கட்டும் என்று அவள்தான் அலாரத்தை முழுசாக அணைத்திருக்கிறாள்.

பத்து மாத எரிச்சலையும் சேர்த்து அன்று கத்தினேன். "இனிமே என் போனைத் தொடாதீங்க. ஆரு கூப்பிட்டாலும், என்ன ஆனாலும், தொடாதீங்க."

"சரி கண்ணு" என்றாள். ஊறுகாய் வேண்டாம் என்று சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வாளோ அப்படிக் கேட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் ஐந்தரைக்கே எழப் பழகினேன். வெந்நீர் ஆறு மணி வரைதான் வரும், வரிசையில் நிற்க வேண்டும். குளியலறைகள் வராந்தாவின் கோடியில், எங்கள் அறையிலிருந்து நாலு கதவு தள்ளி இருந்தன.

மார்கழி மாதத்தில் ஒரு நாள். குளித்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் வருகிறேன். அவள் வலது பக்கம் ஒருக்களித்துக் கண்ணை மூடிக் கிடந்தாள். கட்டிலில் கிடந்த என் போனைக் கையில் எடுத்தேன். அம்மாவிடமிருந்து ஏழு அழைப்புகள்.

"உன் போன் அடிச்சுட்டே இருந்துச்சு" என்றாள். கண்ணைத் திறக்கவில்லை.

திருப்பிக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு நடுவில் அம்மாவின் குரல் துண்டு துண்டாக வந்தது. அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஈரோட்டுக்குக் கொண்டு போகிறார்கள், கண் திறக்கவில்லை. கொஞ்சம் முன்னால் வரைக்கும் பேசினார் பாப்பா, கொஞ்சம் முன்னால் வரைக்கும் பேசினார் என்று அதையே சொன்னாள். கவுந்தப்பாடி தாண்டும்போது அப்பா போய்விட்டார். எனக்கு அது தெரிந்தபோது நான் அவினாசி ரோட்டில் ஈரத் தலையோடு பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்பா கோபியில் வாழைக்காய் மண்டியில் வேலை பார்த்தவர். தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு, நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்க ஒரு போன் செய்வார். வேறு பேச்சு தெரியாது. அன்று வலி வந்ததும் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். வண்டி வருகிற வரைக்கும் அவர் கேட்டது ஒன்றுதான். அம்மா பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு சொன்னாள்: "பாப்பாகிட்டக் குடு, ரெண்டு வார்த்தை பேசிக்கறேன்னாரு. நானும் போட்டுப் போட்டுப் பார்த்தேன். நீ எடுக்கலியே சாமி." கடைசி முறை அழைத்தபோது ஆம்புலன்ஸ் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்களாம். நான் குளித்துக்கொண்டிருந்ததை அம்மாவிடம் சொன்னேன். அறையில் இன்னொருத்தி இருந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். என்னாலும் அதை வாயால் சொல்ல முடியவில்லை.

விடுதிக்குத் திரும்பிய அன்று அவள் என் முகத்தைப் பார்த்து, கையைப் பிடித்து, உட்கார் என்றாள். எனக்காக எடுத்து வைத்திருந்த இட்லியைக் கொடுத்தாள். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன், ஏன் எடுக்கவில்லை என்று.

"நீதான கண்ணு தொடக்கூடாதுன்ன."

"கதவைத் தொறந்து ஒரு சத்தம் குடுத்திருக்கலாமில்லீங்க்கா. நாலு கதவு தள்ளித்தான இருந்தேன்."

"பாதியில எந்திரிச்சா இடுப்பு பிடிச்சுக்கும். அப்பறம் மூணு நாளைக்கு வேலைக்குப் போக முடியாது. உனக்கே தெரியுமல்ல."

கோபமோ குற்ற உணர்ச்சியோ அந்த முகத்தில் இல்லை. நேரம் கேட்டவருக்கு நேரம் சொன்ன முகம். முதல் பதில் என் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் அதை எதிர்த்து என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. இன்றைக்கும் முடியாது. அன்று நான் கத்தாமல் இருந்திருந்தால் ஒருவேளை எடுத்திருப்பாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவள் மேல் வெறுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

வார்டனிடம் வேறு அறை கேட்டேன், கிடைக்க நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளில் நான் செய்த ஒரு காரியம் நல்ல புத்தியுள்ளவர்கள் செய்வதில்லை. ஒரு காலையில் அவள் பாலத்தில் இருக்கும்போது, என் போனை முழுச் சத்தத்தில் அவள் தலைமாட்டில் வைத்தேன். துணிக்கடைப் பெண்ணின் போனை வாங்கி வைத்திருந்தேன். வராந்தாவில் நின்று என் எண்ணுக்கு அழைத்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தேன். கதவு இடுக்கில் அவள் முகம் தெரிந்தது. ஒரு புருவமாவது சுருங்கும், ஒரு எண்ணாவது தப்பும் என்று காத்திருந்தேன். ஏழு முறை அழைத்தேன். அவள் பாலத்தை இறக்கி, துண்டை எடுத்து, இடது கால், வலது கால் என்று வரிசை மாறாமல் போய், ஒருக்களித்துக் கிடந்து, ஆறு மணிக்குக் கையை ஊன்றி எழுந்தாள்.

"போன் அடிச்சுது கண்ணு" என்றாள். என் கையிலிருந்த இன்னொரு போனைப் பார்த்தாள். துண்டை மடிக்கத் தொடங்கினாள்.

அன்றே என் மெத்தையைச் சுருட்டினேன். குனிந்து தூக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு என்று ஜன்னலோரத்திலிருந்து சொன்னாள். குனிந்துதான் தூக்கினேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் ஒரே விடுதியில் இருந்தும் அவளிடம் பேசவில்லை. அவள் வழக்கம்போல, சாப்டியா கண்ணு என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கல்யாணமாகிக் கிணத்துக்கடவுக்கு வந்தேன். வேலையை விடவில்லை. தினமும் பஸ்ஸில் ஒரு மணி நேரம், நாற்காலியில் எட்டு மணி நேரம். மகள் பிறந்தாள். முப்பத்து நாலாவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் குழவியைக் கழுவத் தூக்கினேன், நிமிர முடியவில்லை. இடது பிட்டத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் கம்பியைச் சூடாக்கி இழுத்த மாதிரி ஒரு வலி. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி போதும், தரையில் முடியாவிட்டால் கட்டிலிலேயே செய்யுங்கள் என்று படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார்.

எனக்கு அந்தத் தாள் தேவைப்படவில்லை. பத்தொன்பது மாதம் வேண்டாவெறுப்பாகப் பார்த்தது அத்தனையும் உடம்புக்குள் வரிசையாக இருந்தது. ஒற்றைக் கால், அடுத்த கால், இரண்டும். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கூடத் தெரிந்திருந்தது. மனதுக்குள் எண்ணினால் அவள் குரலில்தான் எண் வந்தது. மாற்றிப் பார்த்தேன், ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தேன். நாலாவது மூச்சில் மறுபடி அவள் வந்துவிடுவாள். மூன்று வாரத்தில் செருப்பை நானே போட்டுக்கொள்ள முடிந்தது. நன்றி சொல்ல வேண்டிய இடம். எனக்கு வரவில்லை.

ஒரு காலையில் இரண்டு முழங்காலையும் கட்டிப் பிடித்திருக்கும்போது அந்த யோசனை வந்தது. வலியே இல்லாத நாலைந்து மூச்சு நேரம் அது. அப்போது எழுந்திருக்க யாருக்கும் மனம் வராது. என் கணவரைக் கூப்பிட்டு, கூடத்துக்குப் போய் எனக்குப் போன் செய்யச் சொன்னேன். அவருக்கு அந்தக் கதை தெரியும். தன் போனை எடுத்துக்கொண்டு போனார். போன் அலமாரியில் இருந்தது, நாலடி தூரம். முதல் முறை அடித்தபோது அவசரமாகக் காலை விட்டேன். இடுப்பு பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். ஓய்ந்துவிட்டது. மறுபடி செய்யுங்கள் என்றேன். இம்முறை வலது பக்கம் உருண்டு, கையை ஊன்றி, சுவரைப் பிடித்துப் போனேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் எடுத்துவிட்டேன்.

"ரெண்டாவதுலயே எடுத்துட்டேன், பாத்தீங்களா?" என்றேன்.

அவர் கதவருகே வந்து நின்றார். "அவங்களுக்கு அப்ப, இப்ப இருக்கற உன்னவிடப் பதினஞ்சு வயசு அதிகமல்ல" என்றார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

அவளைக் கடைசியாகப் பார்த்தது சென்ற வருடம், உக்கடம் பஸ் நிலையத்தில். வேலை முடிந்து பொள்ளாச்சி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன், இடுப்பில் பெல்ட். கூட்டத்துக்குள் ஒரு முதுகு மட்டும் நேராக நின்றது. முகத்தைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது. தலை முழுக்க வெளுத்திருந்தது. நான் தூணுக்குப் பின்னால் போகலாமா என்று நினைப்பதற்குள் அவள் திரும்பிவிட்டாள். நேராக என்னிடம் வந்து முதலில் பெல்ட்டைத்தான் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் கண்ணு, இடதா?"

ஆமாம் என்றேன். நான் தலையணை இல்லாமல் குப்புறப் படுப்பேன் என்பது அவளுக்கு நினைவிருந்தது. என் பச்சைத் துண்டு, நான் ஈரத்தோடு கதவில் போட்டுவிட்டுப் போவது, ரசம் ஊற்றிக்கொள்ளாதது எல்லாம் நினைவிருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தாராபுரம் பக்கம் தனியாக ஒரு வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். நான் கேட்கவில்லை. என் பஸ் வந்து நின்றது. இதை விட்டால் இனிக் கேட்க முடியாது என்று தோன்றியது.

"அன்னிக்கு எங்கம்மா ஏழு தடவை கூப்பிட்டாங்க. நீங்க படுத்துட்டே இருந்தீங்க. இப்பவாச்சும் சொல்லுங்க, ஏன் எடுக்கலே?"

அவள் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். நிஜமாகவே தேடுகிறாள் என்று தெரிந்தது.

"உங்கப்பா தவறிட்டாருன்னு நீ ஊருக்குப் போன, அது நாபகமிருக்கு. போனு... எந்தப் போனு கண்ணு?"

நான் பதினோரு வருடம் தினமும் சுமந்தது அவள் தலையில் ஒரு மூலையில் கூட இல்லை. நடிக்கத் தெரிந்தவள் இல்லை அவள், அது எனக்கு நன்றாகத் தெரியும். கூட்டம் தள்ளியது. நான் பஸ் படியைப் பிடித்தேன்.

அவள் பின்னாலேயே வந்து என் முழங்கையைத் தாங்கினாள். "அவசரப்படாத அம்மணி. ஏறும்போது நல்ல காலை மொதல்ல வெய்யி" என்றாள்.

நான் கையை உதறிவிட்டு இடது காலை எடுத்துப் படியில் வைத்தேன். கிணத்துக்கடவு வரைக்கும் வலித்தது.